ஓரியைக் கொன்றவன்

(எடப்புளி நாட்டில் கூடிய நமது சங்கத்தாரின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

   

சங்கக் கூட்டம் என்றால் கல்வியின் பெருமையையும் ஒற்றுமையின் அவசியத்தையும் மதுவின் தீமையையும் எடுத்துப் பேசுவதே வழக்கம். அவ்விஷயங்களை நம்மினும் நன்றாகப் பேசவல்லோர் இம்மேடையில் மூவர் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, நாம் கதையில் வரும் கொடியவன் ஒருவனுக்காக வக்காலத்து வாங்கிப் பேச வந்திருக்கின்றோம். இது சற்று விபரீதமாகத் தோன்றலாம். காரணத்தைக் கேட்டபின் எம்மை மன்னிப்பீர்கள் என்று நம்புகின்றோம்.

ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டிச் செம்மேட்டில் அரசாங்கத்தார் வல்வில் ஓரி விழாவை நடத்துவதை நீங்கள் அறிவீர்கள். அதனோடு நில்லாமல், நம் நாட்டிலும் ஓரியின் சரித்திரத்தை ஒரு நாடகமாக நடிக்கவேண்டும் என்று நம் வாலிபர்கள் முனைந்திருக்கின்றனர். தாமே எழுதினர், தாமே பாட்டுக் கட்டினர், கோயில் முன்றிலில் ஒத்திகையும் நடத்தினர். சாமைக் கதிர் அறுத்த கை உலருமுன் புத்தகத்தைப் பிடித்து வசனம் நெட்டுருப்போட்ட அவர்களுடைய ஊக்கத்தை நாம் எவ்வளவு பாராட்டினும் தகும். அவ்வொத்திகையைக் காண எம்மையும் அழைத்திருந்தனர். போனோம், இரண்டு மணி நேரம் இருந்து பார்த்தோம்.

ஓரியாக நடித்தவர் நன்றாகவே நடித்தார். ஆயினும் ஓரியை எதிர்த்து வந்த காரியைப் பாருங்கள்! முகத்தில் கரி, கண்ணில் குங்குமம், கையில் கள் மொந்தை. தள்ளாடிக்கொண்டே வருகின்றான். வந்தவன் வேலைக்காரனை உதைக்கின்றான்; வழியிற் செல்லும் பெண்ணொருத்தியின் கையைப் பற்றுகின்றான்; ஒரு காரணமுமின்றி உரக்கச் சிரிக்கின்றான். எதற்காகக் கொல்லிமலைமீது படையெடுத்தான் என்று கேட்டால், “நான் பொல்லாதவன்” என்பதே அவன் தரும் விடை. சிறுவர்கள் கைகொட்டி நகைத்தனர். இறுதியில் அவன் எறிந்த வேல் ஓரியின் மார்பிற் பாய்ந்து ஓரி விழும் காட்சி வந்தது. ஒருவர் கண்ணிலும் ஒரு துளி நீர் இல்லை. எமக்கு அருகே வெற்றிலை மென்றுகொண்டிருந்த முதியவர் ஒருவர் மட்டும், “இந்தக் குடிகாரன் கையிலா நம்ம ஓரி செத்தான்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

தம்பிமார்களே, அம்முதியவர் எழுத்தறியாதவர். எனினும் உங்கள் நாடகத்தைப் பற்றிக் கூறத்தக்கதனைத்தையும் அந்த ஒரு கேள்வியிலேயே கூறிவிட்டார். அக்கேள்வியை விரித்துரைப்பதே இன்றைய எமது பேச்சு.

இத்தகைய பாத்திரத்தை வடநூலார் பிரதிநாயகன் என்பர். சினிமாக்காரர் வில்லன் என்பர். வில்லன் என்றால் வில்லையுடையவன் என்று நம் தமிழில் பொருள் கொண்டால், வல்வில் ஓரியே உலகத்தின் முதல் வில்லன் ஆவான்! அது விளையாட்டு. அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வோத்தரத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். அதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்பொழுது ஓரியிடம் வருவோம்.

ஓரி எத்தகையவன்? அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் போய்த் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கின்றார். வேட்டையில் கண்ட அவ்வீரன் யாரென்று அறியாமலே பாணர் கூட்டத்தார் பாட, அவன் வேட்டையாடிய இறைச்சியையும் மதுவையும் பொன்னையும் மணியையும் அங்கேயே அள்ளிக் கொடுத்தான் என்பதும் அப்பாட்டிலேயே உள்ளது. இத்தகைய வில்லாளியை ஒருவன் நேர்நின்று கொன்றான் என்றால், கொன்றவன் எத்தகையவனாயிருத்தல் வேண்டும்? தள்ளாடி வந்த குடியன் கையில் அவ்வில்லாளி மாண்டான் எனின், அவ்வில் என்ன வில்? காரியை ஒரு முழம் குறைத்தால் ஓரி ஒரு முழம் குறைகின்றான். நம் வாலிபர்கள் ஓரியை உயர்த்துவதாக எண்ணிக்கொண்டு, அவனை அறியாமலே தாழ்த்திவிட்டனர்.

பழந்தமிழ்ப் புலவர்கள் இப்பிழையைச் செய்யவில்லை. சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். காரி என்னும் குதிரையையுடைய காரியோடு, ஓரி என்னும் குதிரையையுடைய ஓரி பொருதான் என்று இருவரையும் ஒரே தராசில் நிறுத்தியிருக்கின்றது அந்நூல். குதிரைக்குக் குதிரை; பெயருக்குப் பெயர். அஃதன்றி, கடையெழு வள்ளல்கள் எழுவர் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்கின்றனரே, அவ்வெழுவருள் ஓரியும் ஒருவன். ஓரியைக் கொன்ற காரியும் ஒருவன்! பெருஞ்சித்திரனார் புறநானூற்றில் எழுவரையும் வரிசைப்படுத்தும்போது இருவரையும் அடுத்தடுத்தே வைத்திருக்கின்றார். கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே பந்தியில் அமர்த்தி இலை போட்ட மக்கள் உலகத்தில் வேறெங்கேனும் உளரோ நாம் அறியோம்.

இன்னும் கேளுங்கள். திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடியிருக்கின்றார். கபிலரோ பாரியின் உயிர்த்தோழர். எளிதில் ஒருவரைப் புகழ்பவர் அல்லர். அவர் காரியைப் பார்த்துக் கூறுவதன் கருத்து இது: உன் நாடு அந்தணர்க்கு உரியதாயிற்று, மூவேந்தருள் ஒருவர் தமக்குப் படைத்துணையாக வேண்டி உன்னைப் புகழ்ந்து தரும் பொருளோ உன்னை வாழ்த்தி வரும் இரவலர்க்கு உரியது, உன் மனைவியின் உறவைத் தவிர உனதென்று சொல்ல உனக்கு யாதொன்றும் இல்லை, இருந்தும் நீ இத்துணைப் பெருமிதத்தோடு இருக்கின்றாய். இதைப் படிக்கும்போதெல்லாம் நாம் சிறிது திகைத்து நிற்பதுண்டு. ஏனெனில் காரி ஏன் கொடியவனானான் என்பதற்கு விடை அவனைப் புகழ்ந்த பாட்டுக்குள்ளேயே இருக்கின்றது. அவன் கொடுக்கவேண்டும். கொடுக்கப் பொருள் வேண்டும். பொருள் வேந்தரிடம் இருக்கின்றது. வேந்தருக்கு வேண்டியதோ அவன் வேல். ஆகவே அவன் பிறர் போரைப் போய்ப் போராடுகின்றான். ஓரியைக் கொன்று பலாமரங்கள் நிறைந்த கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று கல்லாடனார் அகநானூற்றில் கூறுகின்றார். தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, கொடுத்துவிட்டான்!

ஒரு வள்ளல், தான் வள்ளலாய் இருப்பதற்காகவே மற்றொரு வள்ளலைக் கொல்லுகின்றான். இதைவிடக் கொடிய, இதைவிட மனத்தைப் பிழியும் எதிரியை எந்த நாடகாசிரியன் கற்பனை செய்ய முடியும்? இரு குதிரைகளும் எதிரெதிர் நிற்கும்போது, தன்னைப் போலவே கொடுத்துச் சிவந்த கையொன்று எதிரே வில்லை வளைப்பதைக் காரி காண்கின்றான். அவனுக்கு அது தெரியும். தெரிந்தே வேலை எறிகின்றான். அப்போரின் காரணத்தைப் பாடல்கள் விரித்துரைக்கவில்லை. அவ்வெற்றிடமே நாடகம் எழுதுவோன் நுழையவேண்டிய வாயில். நம் தம்பிமார்கள் அவ்வாயிலில் கள் மொந்தையை வைத்து அடைத்துவிட்டனர்.

இதுவரை ஏட்டின் சாட்சி. கூத்துக் களரியும் இதையே கூறும். நாம் சிறுவனாயிருந்தபோது எம் தந்தையார் மலையடிவாரத்து ஊரொன்றுக்கு எம்மைத் தோளிற் சுமந்து இறங்கிப் பாரதக் கூத்துக் காட்டினார். எம் வயதுப் பிள்ளைகளெல்லாம் நடுச்சாமத்தில் மணலில் உறங்கிப்போனோம். திடீரென மத்தளம் இடித்தாற்போல் முழங்கிற்று. இருவர் திரை பிடித்து நின்றனர். திரைக்குப் பின்னால் சலங்கை. விழித்துக்கொண்டோம். திரைக்கு மேலே கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள் வெளிச்சத்தில் மின்னின. கட்டியக்காரன், வருவது யார் என்று கேட்டான். துரியோதனன்! அன்று எமக்கு உண்டான நடுக்கமும் ஆசையும் இன்றும் நினைவிலிருக்கின்றன. ஆம், ஆசை என்றுதான் சொல்லவேண்டும். அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் போலிருந்தது.

பிற்காலத்தில் கூத்துக்காரர் ஒருவரிடம் பழகியபோது ஒன்றைக் கவனித்தோம். கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்திற் செய்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் இவற்றைப் பூட்டிக்கொள்வதைக் கட்டை கட்டுதல் என்பர். அர்ச்சுனனுக்கு எந்தக் கட்டையோ கர்ணனுக்கும் அதுவே, துரியோதனனுக்கும் அதுவே. தீயவன் என்பதற்காக அவன் கிரீடத்தில் ஒரு கண்ணாடித் துண்டைக் கூடக் குறைப்பதில்லை. ‘பதினெட்டாம் போர்’ ஆடும் இரவில் தோற்கப்போகும் துரியோதனனை ஆட, குழுவிலே குரலும் மூச்சும் மிக்கவரையே நிறுத்துகின்றனர். பல ஊர்களில் துகிலுரியும் கட்டம் வரும்போது ஆட்டத்தைச் சற்றே நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவர். துச்சாதன வேஷக்காரர் அம்மனை வணங்கிவிட்டே சேலையைத் தொடுவார். செய்யும் செயல் மெய்யாகவே கொடியது, அதனால் பாவம் தீண்டும் என்ற அச்சம் அவருக்கு உண்டு. நம் ஒத்திகையில் பெண்ணின் கையைப் பற்றிய தம்பிக்கு அவ்வச்சம் இருந்ததா? சிரித்துக்கொண்டல்லவா பற்றினார்!

இராவணனைப் பற்றி இங்கே விரித்தால் சாப்பாட்டு வேளை தவறிவிடும். ஒன்று மாத்திரம். முதல் நாட் போரில் படைக்கலமும் முடியும் இழந்து தனித்து நின்றவனை, மறுநாள் வருமாறு இராமபிரான் விடுத்த பின்னர், அவன் வெறுங்கையனாய் மாலைப் பொழுதில் இலங்கைக்குள் நடந்து செல்வதைக் கம்பர் பாடுகின்றார். நகரத்தைப் பாரான், படையைப் பாரான், நிலத்தை மட்டும் பார்த்து நடக்கின்றான். வானவர் நகுவர் என்றோ மண்ணுலகத்தார் நகுவர் என்றோ அவன் நாணவில்லையாம். சீதை நகுவாளே என்று நாணினானாம். அவன் செய்த குற்றமும் அந்த ஆசையே. அவன் பட்ட வேதனையும் அந்த ஆசையே. கம்பர் அவன் குற்றத்தில் ஒரு அணுவையும் குறைக்கவில்லை. ஆயினும் அந்த மாலை நடையைப் படித்தவன் இராவணனை மறப்பதற்கில்லை.

இனி, கொடுமைக்கு அழகும் வேண்டும் என்பதை வேறொருவர் வந்து நமக்குச் சொல்லவேண்டியதில்லை. கொல்லிப்பாவை நம் மலையில் இருப்பவள். காற்று அடித்தாலும் இடி இடித்தாலும் நிலை குலையாத பாவை என்று சங்கப் புலவர்கள் அவளைப் பாடி, தலைவியின் அழகுக்கு அவளை உவமை கூறினர். பின்வந்த கதையிலோ, அவள் நகைத்து மயக்கியே தீயோரைக் கொல்லும் பாவையானாள். எட்டுக்கை அம்மனை அப்பாவை என்று வணங்குவாரும் நம்மில் உண்டு. மலைக்குள் இருப்பவனுக்கு அவள் காவல். கேடு செய்ய ஏறி வருபவனுக்கு அவளே யமன். நகைப்பு ஒன்றுதான். எந்தப் பக்கம் நின்று பார்க்கின்றோம் என்பதே வேறு.

மலையிறங்கினால் சேலம். அங்கே டி. ஆர். சுந்தரம் நிறுவி நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸார் 1950இல் ‘மந்திரி குமாரி’ என்னும் படத்தை வெளியிட்டனர். மு. கருணாநிதி கதை வசனம் எழுதிய அப்படத்தில் கதாநாயகர் எம். ஜி. இராமச்சந்திரன். ஆனால் அப்படத்தைப் பார்த்த முதியோரைக் கேட்டுப் பாருங்கள்; அவர்கள் முதலில் நினைவுகூர்வது ராஜகுருவின் மகன் பார்த்திபனாக நடித்த எஸ். ஏ. நடராஜனைத்தான். பகலில் குருகுமாரன், இரவில் கொள்ளைக்காரன். கொள்ளையிடுவதையும் ஒரு கலை என்று வாதிட்டுத் தந்தையையே மடக்குகின்றான். மந்திரியின் மகளைக் காதலித்து மணக்கின்றான். இறுதியில் இனிய பாட்டுப் பாடிக்கொண்டே அவளை மலையுச்சிக்கு அழைத்துச் செல்கின்றான், தள்ளிக் கொல்வதற்காக. முகத்தில் கரியில்லை, உருட்டு விழியில்லை. பாட்டு இனியதாக இருப்பதனாலேயே கொட்டகையிலிருந்தோர் நெஞ்சு பதைத்தது.

அக்கதையின் மூலம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி. அந்நூலில் இன்று எஞ்சியவை 19 பாடல்களே. கதையை நீலகேசியின் உரையால் அறிகின்றோம். மலையில் வாழும் நமக்கு மலையுச்சியைப் பற்றிய கதை என்றால் ஒரு தனி உரிமை உண்டு. ஆதலின் சற்று நின்று சொல்லுகின்றோம். கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்படும் கள்வன் காளனைச் செல்வர் வீட்டுப் பெண்ணொருத்தி மாடத்திலிருந்து கண்டு காதல் கொண்டாள். தந்தை அவனை மீட்டு மணம் செய்வித்தான். பின்னர்க் கணவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல நினைக்க, அவள் அதையறிந்து, இறக்குமுன் உம்மை மும்முறை வலம் வருவேன் என்று கூறிப் பின்னால் வந்து அவனைத் தள்ளிவிட்டாள்.

அவன் ஏன் கொல்ல நினைத்தான்? பாலி மொழியிலுள்ள பௌத்தக் கதையில், அவள் நகைகளைக் கவர்வதற்காக. நல்லது, திருடன், திருடினான். ஆனால் தமிழ்நாட்டில் வழங்கிய கதையில், ஒருநாள் ஊடலிலே அவள் விளையாட்டாக, நீ கள்வனல்லவா என்று கூறிவிட்டாள். அந்த ஒரு சொல் அவன் நெஞ்சிற் கங்காய்க் கிடந்து, அவளை மலைமேல் கொண்டு சென்றது. செயல் ஒன்றே, முடிவும் ஒன்றே. ஆயினும் இரண்டாவது காளன் நம்மை எவ்வளவு கலங்கச் செய்கின்றான்! அவன் திருந்தி வாழ்ந்திருக்கவும் கூடும். தன்னைக் காப்பாற்றியவளின் வாயிலிருந்தே பழைய பெயர் வந்ததைப் பொறுக்கமாட்டாத ஒருவனை நாம் அறிவோம். நம் உறவிலேயே அப்படி ஒருவரேனும் இருப்பார். பழைய குற்றத்தைச் சொல்லிக் காட்டியதால் உடைந்த குடும்பங்களுக்குப் பஞ்சாயத்துப் பேசிய பெரியோர் இவ்வவையிலேயே உளர். அவனை நாம் மன்னிப்பதில்லை. ஆனால் இன்னான் என்று அடையாளம் கண்டுகொள்கின்றோம். கேட்போன் தன்னில் ஒரு சிறு துண்டை எந்தக் கொடியவனிடம் காண்கின்றானோ, அவன் முன்னிலையில் உறங்கமாட்டான்.

இனி இரண்டாவது விஷயம். இதைச் சொல்லாமல் விடலாமா என்று எண்ணினோம். விடுதல் சங்கத்துக்குச் செய்யும் துரோகமாகும் என்று கருதிச் சொல்கின்றோம்.

நாடகத்தில் காரியின் வீரர்கள் மேடையேறியபோது, அவர்கள் அடிவாரத்து ஊர்களில் இன்று வாழும் ஒரு குலத்தாரின் பேச்சுப் போலப் பேசினர். அவர்களைப் போலத் தலைப்பாகை கட்டியிருந்தனர். அக்குலத்தின் பெயரையும் ஓரிடத்தில் ஒரு தம்பி உரக்கச் சொன்னார். நம் பக்கத்துப் பெஞ்சுகளில் பலத்த கைதட்டல். நாம் கைதட்டவில்லை.

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். அதிலே தீயவன் யார்? அரசியின் சிலம்பைத் தான் திருடி, கோவலன்மீது பழியைப் போட்ட பொற்கொல்லன். அவனுக்கு அக்காப்பியத்தில் பெயர் இல்லை. கோவலனைக் கண்டான், வஞ்சித்தான், மறைந்தான். அவனுக்கு மனைவி மக்கள் உண்டா, ஏன் திருடினான் என்ற செய்தி யாதும் இல்லை. அவனுக்குள்ள ஒரே அடையாளம் அவன் தொழில். விளைவு என்ன? மதுரை எரிந்ததோடு கதை நிற்கவில்லை. பின்னர் வந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அக்காப்பியமே கூறுகின்றது. ஆயிரம் பேர்! சிலம்பைத் திருடியவன் ஒருவன். இளங்கோவடிகளின் பெருங்காப்பியத்தை நாம் குறைகூறத் துணியவில்லை. நெடுஞ்செழியன் தன் பிழையை உணர்ந்த கணத்தில் அரியணையிலேயே உயிர் துறக்கும் இடம், தவறு செய்தவனின் பெருமைக்கு இன்றளவும் இணையற்றது. ஆனால் அரசனுக்குக் கொடுத்த அந்த நெஞ்சில் ஒரு சிறு பங்கு பொற்கொல்லனுக்கும் கொடுக்கப்பட்டிருந்தால், அவனுக்கு ஒரு பெயராவது இருந்திருந்தால், பழி அவனோடு போயிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. பெயரும் காரணமும் இல்லாத தீயோன் மேடையைவிட்டு இறங்கித் தன் குலத்தார் அனைவர் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுகின்றான்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘வெனிஸ் வர்த்தகன்’ நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணிபுர வணிகன்’ என்று தமிழாக்கினார். அதில் கடன் கொடுத்தவன் ஷைலாக் என்னும் யூதன். யூதரை இகழ்ந்து சிரிப்பது அக்காலத்து இங்கிலாந்தில் வழக்கம். அந்நாடகத்திலும் அவ்விகழ்ச்சி நிரம்ப உண்டு. அதனால் உலகில் விளைந்த தீமையும் சிறிதன்று. ஆயினும் கவிஞர் அவன் வாயை அடைத்துவிடவில்லை. எங்கள் உடம்பைக் கீறினாலும் இரத்தம் வரும், எங்களுக்கும் பசியும் நோயும் உண்டு, நீங்கள் கற்பித்த வஞ்சத்தையே நாங்கள் திருப்பிச் செய்கின்றோம் என்னும் கருத்துப்பட அவன் பேசும் பேச்சு ஒன்று உண்டு. அப்பேச்சு இருப்பதனாலேயே, அவனை இகழச் சென்றோரும் ஒரு நாழிகை தலைகுனிகின்றனர்.

முன்னர் ஒத்திவைத்த சொல்லாராய்ச்சியை இப்பொழுது கூறுகின்றோம். வில்லன் என்று நாம் வழங்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இலத்தீன் வேரில் முதற்பொருள் என்ன தெரியுமா? பண்ணையைச் சேர்ந்த நாட்டுப்புறத்தான் என்பதே. பெரிய பிரபுக்களின் நிலத்தில் ஏர் பிடித்தவன். கதை சொன்னோர் பிரபுக்களின் கூடத்தில் இருந்தமையால், நாட்டுப்புறத்தான் அநாகரிகன் ஆனான். அநாகரிகன் அயோக்கியன் ஆனான். கடைசியில் அயோக்கியன் என்பதே பொருளாக நின்றுவிட்டது. ஏர் பிடித்தவனுக்கு அக்கூடத்தில் பேச இடமில்லை.

மலையில் வாழும் நமக்கு இது புதிதன்று. கொங்கு நாட்டில் இரவு இரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையில், ஊர் கட்டி உழுது வாழ்வோர் நாயகர். காட்டில் வாழும் வேட்டுவர் பகைவர். வேட்டுவர் பக்கத்தில் உட்கார்ந்து அக்கதையைக் கேட்டால் அது வேறு கதையாகத் தோன்றும். சமவெளியார் சொல்லும் எத்தனையோ கதைகளில் காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் இறங்கி வருபவன் கொள்ளைக்காரன், மந்திரவாதி, அல்லது மூடன். நம் பிள்ளைகள் கீழே சென்று கல்லூரியில் படிக்கும்போது, மலையிலிருந்து வந்தவன் என்பதற்காகக் கேட்கும் ஏளனச் சொற்களை நம்மிடமே வந்து சொல்லி அழுததில்லையா? அந்த ஏளனம் எந்தப் புஸ்தகத்திலும் சட்டமாக எழுதப்பட்டதன்று. எவனோ ஒருவன் எங்கோ ஒரு மேடையில், பெயரும் காரணமும் இல்லாத ஒரு மலையானைச் சிரிப்புக்கு நிறுத்தினான், அவ்வளவே. அப்படி நிறுத்தப்பட்ட நாம், நமக்கு ஒரு மேடை கிடைத்தவுடன் அதையே பிறர்க்குச் செய்வதா?

இங்கே ஒரு பெரியவர் கைதூக்கி ஏதோ கேட்க விரும்புவதைக் காண்கின்றோம். ஒத்திகையன்றே அவர் எம்மிடம் அதைக் கேட்டார்: “எல்லாம் சரிதான். நம் அரசனைக் கொன்றவனை நாமே மேடையேற்றிப் புகழ்வதா? கேட்பவன் சிரிக்கமாட்டானா?” நியாயமான கேள்வி. புகழவேண்டாம். காரி செய்தது கொடுமை. அதில் ஒரு தானியமும் தள்ளுபடி செய்யவேண்டாம். ஓரி மாண்டபின் காரி ஓரியின் பெருந்தெருவில் நுழைந்தபோது ஊர் முழுதும் ஒரே ஆரவாரமாய் எழுந்ததை நற்றிணைப் பாட்டொன்று உவமையாகக் கூறுகின்றது. அப்பாட்டைப் பாடியவர் யார்? காரியைப் புகழ்ந்த அதே கபிலர்! பரிசில் தந்தவனாயிற்றே என்று அவர் அக்கூக்குரலை மறைக்கவில்லை; கூக்குரலைக் கேட்டோமே என்று அவன் கொடையை மறுக்கவும் இல்லை. இரண்டும் அவருக்கு உண்மை. அந்தத் தெருவை நம் நாடகத்தில் காணோம். ஓரி விழுந்தவுடன் திரை விழுந்துவிடுகின்றது. திரையை விடாதீர்கள். காரி தனியாக, குதிரையிலிருந்து இறங்கி, அத்தெருவில் நடந்து வரட்டும். இரு பக்கமும் நம் பெண்கள் நின்று அழட்டும், வையட்டும். நம் பாட்டிமாருக்கு ஒப்பாரி சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. அவன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு நடக்கட்டும். ஒருத்தி மட்டும், “நீயும் கொடுக்கிறவன்தானே?” என்று கேட்கட்டும். அவ்விடத்தில் அவனுக்கு விடை இருத்தல் கூடாது.

வேறொரு காட்சியும் எமக்குத் தோன்றுகின்றது; ஏற்பதும் விடுவதும் தம்பிமார்களின் இஷ்டம். பின்னொரு காலத்தில் மலையமானின் மக்களைச் சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இடத் துணிந்தான். பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தவர்கள், யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கோவூர் கிழார் குறுக்கே புகுந்து, அவர்கள் யார் மக்கள் என்று எடுத்துக்கூறிக் காப்பாற்றினார். இச்செய்தி புறநானூற்றில் உள்ளது. ஓரியின் பெருந்தெருவில் அழுத நம் பெண்களில் ஒருத்தி, அந்தப் பிள்ளைகளின் கதையைக் கேள்விப்பட்டால் என்ன செய்திருப்பாள்? மகிழ்ந்திருப்பாளா? எமக்கு விடை தெரியவில்லை. எழுதிப் பாருங்கள்.

முடிவாக, காரியத்துக்கு வருவோம். ஓரியாக நடித்த தம்பியின் குரல் முன்றிலின் கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்கின்றது. காரி வேஷமோ, வேறு வேஷம் எதுவும் கிடைக்காமல் எஞ்சி நின்ற பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது என்று அறிந்தோம். கூத்துக்காரர் வழக்கத்தை எண்ணி, கணீர்க்குரல் தம்பியே காரியை எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். அவர் மனம் சற்று வருந்தக்கூடும். அவருடைய அன்னையார் இன்னும் அதிகமாக வருந்தக்கூடும். அவ்வம்மையாரிடம் நாமே வந்து பேசுகின்றோம். முகத்துக்குக் கரி வேண்டாம். குலப்பெயரும் தலைப்பாகையும் நீங்கட்டும். கள் மொந்தையை அடுத்த ஒத்திகைக்கு முன் எம்மிடம் ஒப்படைத்துவிடவேண்டும். இரு குதிரைகளுக்கும் ஒரே அளவு மூங்கிலும் ஒரே அளவு துணியும் வாங்கித் தரச் சங்கப் பொருளாளர் இசைந்திருக்கின்றார். வருகிற ஞாயிறு மாலை, விளக்கு வைத்தபின், கோயில் முன்றிலில் மறுபடியும் ஒத்திகை. வெற்றிலை மென்ற அந்த முதியவரை நாமே போய் அழைத்து வருகின்றோம்.